ஊரில் நிலமும் வெளியூரில் வீடும் உள்ளவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிதம்பரம், காட்டுமன்னார்கோவில், புவனகிரி, குறிஞ்சிப்பாடி வட்டங்களில் நிலம் வைத்துக்கொண்டு சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் துபாயிலும் குடியிருக்கிற அன்பர்களுக்கு,

உங்கள் நிலங்களில் சாகுபடி செய்கிறவர்களில் நானும் ஒருவன். எனக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நஞ்சை உண்டு. அதை ஒட்டி, உங்களைப் போல வெளியூரில் இருக்கும் ஒருவருடைய நிலத்தையும் குத்தகைக்குச் செய்கிறேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு வரப்புதான். ஒரே வாய்க்கால் தண்ணீர், ஒரே டிராக்டர், ஒரே கை. ஆனாலும் வரப்புக்கு இந்தப் பக்கத்து மண்ணும் அந்தப் பக்கத்து மண்ணும் இன்று ஒன்றாக இல்லை. என் பக்கத்தில் கோடையில் தக்கைப்பூண்டு விதைத்து, பூ எடுக்கும் பருவத்தில் மடக்கி உழுகிறேன். அறுவடை முடிந்ததும் ராமநாதபுரத்துக் கீதாரிகளிடம் பேசி ஆட்டுக்கிடை போடுகிறேன். ஏரி வண்டல் அடிக்கிறேன். உங்கள் பக்கத்தில் யூரியாவும் டிஏபியும் மட்டும் விழுகின்றன. சம்பா அறுத்து, அளக்க வேண்டியதை அளந்துவிட்டு, ஈரம் காய்வதற்குள் உளுந்து தெளிப்பதோடு வருஷம் முடிகிறது.

இதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கிடை போட்ட மண் ஒரு போகத்தில் முழுப் பலனையும் தந்துவிடாது. அடுத்தடுத்த போகங்களுக்கும் மிச்சம் வைக்கும். வண்டல் அடித்தால் பல வருஷம் பேசும். வரும் தை கழிந்ததும் இந்த நிலம் என்னிடம் இருக்குமா, வேறொருவரிடம் போகுமா, மனைக்கட்டாக விற்கப்படுமா என்று தெரியாதபோது, அந்தச் செலவை எந்தத் தைரியத்தில் செய்வது? எங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் வாய்வார்த்தைக் குத்தகைக்குச் செய்கிற எவரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

தனி ஆளால் முடியாததற்குத்தானே அரசின் உதவி இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. 2021-லிருந்து தமிழ்நாட்டில் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கையே போடுகிறார்கள். 2024-25-இல் ‘முதல்வரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ என்ற திட்டத்தை 206 கோடி ரூபாயில் அறிவித்தார்கள். பசுந்தாள் உர விதையும் மண்புழு உரமும் களர், அமில நிலச் சீர்திருத்தமும் அதற்குள் வருகின்றன. வரப்பில் தேக்கும் வேங்கையும் மகோகனியும் வைக்க, நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தில் இலவசக் கன்றுகள் தருகிறார்கள். சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியம், மற்றவர்களுக்கு 75 விழுக்காடு. ஏரி, குளத்து வண்டலைக் கட்டணமில்லாமல் அள்ளிக்கொள்ளலாம். நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர் வரை. அந்த அனுமதிக்கு மாவட்ட ஆட்சியர் வரை அலைய வேண்டியிருந்ததை மாற்றி, 2024-இல் வட்டாட்சியர் அளவிலேயே தரலாம் என்று ஆக்கினார்கள். இவற்றில் எதுவும் சின்ன விஷயம் இல்லை.

இத்தனையும் எந்தக் கதவு வழியாக வருகின்றன என்று பாருங்கள். வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்கும் முதல் கேள்வி, “சிட்டா யார் பெயரில் இருக்கிறது?” உங்கள் பெயரில். அடங்கலில் யார் பெயர்? பெரும்பாலும் அதுவும் உங்கள் பெயர்தான். சில ஊர்களில் காலமாகிவிட்ட உங்கள் தாத்தாவின் பெயர். சொட்டுநீருக்குப் போனால் நீண்டகாலக் குத்தகைப் பத்திரம் கேட்கிறார்கள். வாய்வார்த்தையில் நிலம் செய்பவர் அதை எங்கிருந்து கொண்டுவருவார்? வருஷத்துக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமரின் கிசான் நிதி, 2019 பிப்ரவரி 1-ஆம் தேதி யார் பெயரில் நிலம் இருந்ததோ அந்தக் குடும்பத்துக்கு மட்டும். இப்போது விவசாயிகளுக்கு ஆதார் போலத் தனி அடையாள எண் கொடுக்கிறார்கள். அதுவும் பட்டாவோடு கோத்த எண். இனிமேல் திட்டங்களெல்லாம் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு வரும் என்கிறார்கள். அப்படியானால் சேற்றில் நிற்பவருக்கு எண் இருக்காது. வேளச்சேரியில் இருக்கும் உங்களுக்கு இருக்கும்.

எண் உள்ளவருக்குத் தக்கைப்பூண்டு விதை தேவைப்படாது. விதை தேவைப்படுகிறவருக்கு எண் இல்லை. அரசு ஒதுக்கும் பணத்துக்கும் உங்கள் வயலுக்கும் இடையே விழுந்திருக்கும் இடைவெளி இதுதான். இதை அதிகாரிகள் மட்டும் நினைத்தால் மூட முடியாது. உங்கள் கையெழுத்து வேண்டும். அதனால்தான் இந்த மடலைக் கோட்டைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். அரசிடம் கேட்க வேண்டியவை நிறைய உண்டு. அவற்றை அரசிடம் கேட்டுக்கொள்கிறோம்.

நம் பகுதி எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நினைவிருக்கும். காவிரியின் கடைமடை. மேட்டூரில் ஜூன் 12-இல் தண்ணீர் திறந்தாலும் அது கீழணைக்கு வந்து, வடவாற்றில் விழுந்து, வீராணத்தை நிரப்பி, அங்கிருந்து மதகு மதகாகப் பிரிந்து கடைசி வயலுக்கு வருவதற்குள் பாதிப் பருவம் போய்விடுகிறது. வடக்கு ராஜன் வாய்க்காலிலும் கான்சாகிப் வாய்க்காலிலும் கடைசி ஊர்களின் நிலைமை இன்னும் மோசம். நாற்றங்காலுக்குக் காத்திருக்க முடியாமல் நேரடி விதைப்புக்குப் பலர் மாறியதே இதனால்தான். தண்ணீர் வேண்டும்போது வராது. ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாமென்றாலும் வரும். 2015 வெள்ளத்தில் என்ன நடந்தது என்று தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். 2018-லும் 2022-லும் கொள்ளிடம் பெருகித் திட்டுக்காட்டூரும் கீழகுண்டலப்பாடியும் பெராம்பட்டும் தண்ணீருக்கு நடுவே நின்றன. 2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் வந்தது; அதன் பின்னால் தென்பெண்ணை கடலூரைச் சுற்றிக்கொண்டது.

கிழக்கே போனால் உப்பு. கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கம் கொள்ளிடத்திலும் உப்பனாற்றிலும் கடல் உள்ளே ஏறி வருகிறது. ஆற்றில் இறங்குகிற நல்ல தண்ணீர் குறையக் குறைய உப்பு மேலே மேலே வரும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்தாலே தெரிகிறது. இப்படிப்பட்ட மண்ணுக்கு ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் கட்டி வடித்து, பசுந்தாள் விதைத்து உழுது, மறுபடி அதையே செய்ய வேண்டும். சில வருஷம் விடாமல் செய்தால் மண் திரும்பும். ஒரு வருஷம் செய்துவிட்டு விட்டால் போட்ட பணம் உப்போடு போய்விடும். வருஷா வருஷம் கைமாறும் குத்தகையில் இந்த வேலை நடக்காது. எவ்வளவு மானியம் கொடுத்தாலும் நடக்காது.

2020-இல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்கும் சட்டம் வந்தது. நம் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோவில், கீரப்பாளையம், குமராட்சி, மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை ஆகிய ஐந்து ஒன்றியங்கள் அதில் உள்ளன. எண்ணெய், எரிவாயு எடுக்கப் புதிதாக யாரும் துளை போட முடியாது. நல்ல சட்டம், அதற்காகப் போராடியவர்களுக்கு நன்றி. ஆனால் ஒரு நிலம் மெல்ல மெல்லச் சத்து வற்றி, உப்பேறி, கடைசியில் “இதில் இனி ஒன்றும் விளையாது, மனை போட்டுவிடலாம்” என்று அதன் சொந்தக்காரரே சொல்லும் நிலைக்கு வருவதை அந்தச் சட்டத்தால் தடுக்க முடியாது. உங்களாலும் எங்களாலும் சேர்ந்து முடியும்.

உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. “எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும்.” இதை உங்கள் தகப்பனார் சொல்லியிருப்பார், அவருக்கு அவர் தகப்பனார் சொல்லியிருப்பார். காரணமில்லாமல் வந்த பயம் அல்ல அது. 1955-ஆம் வருஷத்துக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1969-ஆம் வருஷத்துக் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டமும் வந்தபின் கோர்ட்டு வாசலில் வருஷக்கணக்கில் நின்ற குடும்பங்கள் நம் பக்கத்தில் உண்டு. விற்கவும் முடியாமல் திருப்பி வாங்கவும் முடியாமல் தவித்தவர்களை எனக்கும் தெரியும். இரண்டு தரப்பிலும் காயம் இருக்கிறது.

ஆனால் அந்த 1955-ஆம் வருஷத்துச் சட்டத்தைப் படித்த ஒரு வக்கீலிடம் கேட்டுப் பாருங்கள். எழுத்தில் போட்ட குத்தகையை மட்டும் அது காப்பதில்லை. சொல்லாமலே நடக்கும் குத்தகையும், அதாவது உடலுழைப்பைப் போட்டுப் பிறர் நிலத்தில் பயிரிடுவதே நடைமுறையாக இருக்கும் ஏற்பாடும், அதற்குள் வருகிறது. ஆக, காகிதம் இல்லாமல் இருப்பதால் உங்களுக்குப் பெரிய காப்பு ஒன்றும் கிடைத்துவிடவில்லை. வழக்கு என்று வந்தால் உங்கள் கையிலும் ஒரு சீட்டு இருக்காது: எவ்வளவு நிலம், எந்தத் தேதியிலிருந்து, என்ன குத்தகை என்று காட்ட எதுவும் இராது. எழுதிவைத்தால் அதெல்லாம் இருக்கும். குத்தகையைக் கட்டாமல் பாக்கி வைத்தாலோ, நிலத்தைப் பாழாக்கினாலோ, சாகுபடி அல்லாத வேலைக்குப் பயன்படுத்தினாலோ, நிலம் உங்களுடையது என்பதையே மறுத்தாலோ குத்தகைதாரரை வெளியேற்றும் வழியும் அதே சட்டத்தில் உள்ளது. எழுத்து உங்களையும் காக்கும்.

ஆந்திரத்தில் 2019-இல் பயிர்ச் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் ஒன்று கொண்டுவந்தார்கள். பதினோரு மாதத்துக்கு ஓர் அட்டை. நிலத்தின் மேல் எந்த உரிமையும் அதில் பிறக்காது; பயிரின் மேல் மட்டும். அதைக் காட்டிக் கடன் கேட்கலாம், காப்பீடு செய்யலாம், நிவாரணம் வாங்கலாம். அங்கேயும் பல உரிமையாளர்கள் கையெழுத்துப் போட மறுத்தார்கள். பல குத்தகைதாரர்கள் அட்டையில்லாமலே இருந்தார்கள். அரசு எப்படிச் சட்டம் போட்டாலும் கடைசியில் நிலத்துக்காரரின் மனசுதான் முடிவு செய்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை. 2016-இல் நிதி ஆயோக் வெளியிட்ட மாதிரிக் குத்தகைச் சட்டமும் இதே யோசனையில் எழுதப்பட்டது: உரிமையாளருக்கு உரிமைப் பாதுகாப்பு, சாகுபடியாளருக்குக் கடனும் காப்பீடும். அமெரிக்காவிலும் மண் காப்புக்கான அரசு உதவியைக் குத்தகை விவசாயி கேட்கலாம். ஒப்பந்தக் காலம் முழுக்க நிலம் தன் பொறுப்பில் இருக்கும் என்று காட்டினால் போதும். 1930-களில் புழுதிப் புயலில் மேல்மண்ணையே பறிகொடுத்த பிறகு அந்த நாடு மண்ணைக் காக்கும் வேலையைத் தொடங்கியது. நாம் அந்த அளவுக்குப் போய்த்தான் திரும்ப வேண்டும் என்று இல்லை.

இன்னொன்று, சொல்ல வருத்தமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். பெஞ்சலுக்குப் பிறகு, 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமான நெல்லுக்கு எக்டேருக்கு 17,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. விதைத்தவருக்கு, களை எடுத்தவருக்கு, கடன் வாங்கி உரம் போட்டவருக்கு வர வேண்டிய பணம் அது. பதிவேட்டில் பெயர் உள்ளவரின் வங்கிக் கணக்குக்குத்தான் அது போகும். வந்த பணத்தை அப்படியே சாகுபடி செய்தவரிடம் கொடுத்த பெரிய மனசுக்காரர்களை எனக்குத் தெரியும். குத்தகை பாக்கியில் கழித்துக்கொண்டவர்களையும் தெரியும். வந்ததைச் சொல்லாமலே இருந்துவிட்டவர்களையும் தெரியும். யார் பெயரையும் இங்கே எழுதவில்லை. படிக்கும்போது யாருக்கு உறுத்துகிறதோ அவர் யோசித்துக்கொள்ளட்டும். பயிர்க் காப்பீட்டிலும் இதே கதைதான். சம்பாவுக்கு விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடு. குத்தகைதாரரும் சேரலாம் என்று திட்டமே சொல்கிறது. ஆனால் கெடு நெருங்கும் நாளில் உரிமையாளர் போனை எடுக்காவிட்டால், அவர் ஒத்துக்கொள்வாரா மாட்டாரா என்று கிராம நிர்வாக அலுவலர் தயங்கிவிட்டால், அந்த வருஷம் அந்தப் பயிர் காப்பில்லாமல் மழைக்கு நிற்கிறது.

சென்னையில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. முதலாம் பராந்தகன் காலத்து ஏரி வீராணம். அதை நம்பி நம் பகுதியில் சுமார் 45,000 ஏக்கர் நஞ்சை இருக்கிறது. 2004-லிருந்து அதே ஏரியின் தண்ணீர் சேத்தியாத்தோப்பு வழியாக, வடக்குத்தில் சுத்திகரிக்கப்பட்டு, நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் வரை சென்னைக்கு வருகிறது. உங்கள் வீட்டுக் குழாயிலும் அதில் கொஞ்சம் வந்துகொண்டிருக்கும். தண்ணீர் போவதைப் பற்றி நாங்கள் புகார் சொல்லவில்லை. குடிதண்ணீரைத் தடுக்கிறவன் மனுஷன் இல்லை. ஆனால் ஏரிக்குள் வண்டல் படிந்து கொள்ளளவு குறைந்து கிடக்கிறது. அந்த வண்டலை அள்ளி வயலில் போட்டால் ஏரியும் ஆழமாகும், மண்ணும் தேறும். உங்கள் நிலத்துக்கு அதை அடிக்க உங்கள் பெயரில் உள்ள காகிதம் வேண்டும். ஏரியும் நிலமும் மண்ணும் ஊரில் இருக்கின்றன. காகிதம் மட்டும் உங்கள் பீரோவில் இருக்கிறது.

நியாயக் குத்தகை எவ்வளவு என்பதைப் பற்றி இங்கே நான் பேசப்போவதில்லை. மொத்த விளைச்சலில் கால் பங்கு என்று சட்டம் சொல்வது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அதை வைத்து இப்போது சண்டை போட்டால் மண்ணைப் பற்றிய பேச்சு நின்றுவிடும். அது வேண்டாம். இப்போது கேட்பது வேறு.

உங்கள் நிலத்தைச் செய்கிறவருக்கு ஐந்து வருஷத்துக்காவது எழுத்தில் குத்தகை கொடுங்கள். நிலம் உங்களுடையது என்பதை முதல் வரியிலேயே எழுதிக்கொள்ளுங்கள். குத்தகை அளவை எழுதுங்கள். வெள்ளத்தில் பயிர் போனால் குத்தகையை எப்படிக் குறைப்பது என்பதையும் அன்றே எழுதிவிடுங்கள். பின்னால் மனக்கசப்பு வராது. வருஷத்துக்கு ஒரு முறை பசுந்தாள் விதைத்து மடக்கி உழ வேண்டும், வரப்பையும் வடிகாலையும் பராமரிக்க வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். சந்தோஷமாக ஏற்றுக்கொள்வோம். நல்ல நிபந்தனை போடும் உரிமையாளர் கிடைப்பதே எங்களுக்கு அபூர்வம். வரப்பில் மரம் வைத்தால் வெட்டும்போது யாருக்கு எவ்வளவு என்பதை இப்போதே பேசிக்கொள்ளலாம். எல்லாம் உங்களுக்கே என்றால் கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள்?

ஐந்து வருஷப் பத்திரத்துக்கு உங்கள் வீட்டில் இன்னும் சம்மதம் வரவில்லை என்றால், இந்தப் பருவத்துக்கு மட்டுமாவது ஒரு கடிதம் கொடுங்கள். “இன்ன சர்வே எண்ணில் இவர் சாகுபடி செய்கிறார், அடங்கலில் இவர் பெயரைக் குறித்துக்கொள்ள எனக்கு ஆட்சேபணை இல்லை, காப்பீடும் மானியமும் பயிர் நிவாரணமும் இவருக்கே சேர வேண்டும்” என்று கையெழுத்திட்டு, ஒரு பிரதியைக் கிராம நிர்வாக அலுவலரிடமும் இன்னொன்றை உதவி வேளாண்மை அலுவலரிடமும் கொடுத்தால் போதும். அவர்களால் அதற்கு மேல் எவ்வளவு தூரம் போக முடியுமோ போவார்கள். போகாவிட்டால் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு குறைதீர் நாள் கூட்டத்தில் நாங்கள் கேட்டுக்கொள்கிறோம். தாத்தா பெயரில் பட்டா இருக்கிறதென்றால் தயவுசெய்து அதை மாற்றுங்கள். அந்த ஒரு காரணத்தாலேயே எத்தனை வயல்களுக்கு எந்த உதவியும் எட்டாமல் நிற்கிறது தெரியுமா? அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரியவில்லை என்றால், பிரியும்வரை யாராவது ஒருவர் மற்றவர்கள் சார்பில் கையெழுத்துப் போட ஒப்புக்கொள்ளுங்கள். ஏற்கெனவே உங்கள் கணக்குக்கு வந்து நிற்கும் பயிர் நிவாரணத்தைச் சாகுபடி செய்தவரிடம் அனுப்பிவிடுங்கள். எவ்வளவு வந்தது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

ஆனியில் கோடை உழவும் பசுந்தாளும் முடிந்திருக்க வேண்டும். ஆடி, ஆவணியில் சம்பா விதைப்பு. காப்பீட்டுக் கெடு பெரும்பாலும் நவம்பர் நடுவில். ஆகவே ஆனி முடிவதற்குள் ஒரு நாள் வாருங்கள். உங்கள் பட்டா நகல், ஆதார் நகல், பங்காளிகளின் சம்மதம், இவ்வளவுதான் எடுத்து வர வேண்டியவை. ஆனித் திருமஞ்சனத்துக்கு எப்படியும் சிதம்பரம் வருவீர்கள். தரிசனம் முடிந்த மறுநாள் காலையில் கிராம நிர்வாக அலுவலகத்துக்கு வந்துவிடுங்கள். உங்கள் நிலத்தைச் செய்கிறவரையும் அங்கே வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வயலுக்குப் பக்கத்து வயல்காரன்